கையெழுத்துப் போட்டுச் சேர்ந்த ஊர்

முதல் நாள், வியாழன் – பாஸ்டன்

தங்கை மகன் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாமா, இந்த ஸ்வெட்டரை நம்பியா வந்தீங்க?" மதுரையில் வாங்கும்போது கடைக்காரர், "ஊட்டிக்கே இது போதும் சார்" என்று சொல்லித்தான் தலையில் கட்டினார். பிப்ரவரிக் கடைசியில் பாஸ்டன் குளிர் வேறு ரகம். மூச்சு விட்டால் சுருட்டுப் புகை மாதிரி வருகிறது. மருமகன் தன் தடிக் கோட்டைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டான்.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் 31 வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் கிராம சபைக் கூட்டங்களுக்கு நாற்காலி, மைக்செட், தீர்மானப் புத்தகம் ஏற்பாடு செய்வதிலேயே போனது. அது அவனுக்குத் தெரியும். "நயாகரா எங்கயும் போயிடாது மாமா. மார்ச் மாசம் முதல் செவ்வாய்க்கிழமை வெர்மாண்ட்ல ஊர் ஊரா கூட்டம் போடுவாங்க. நம்ம கிராம சபை மாதிரிதான். அதைப் பாருங்க" என்று அந்தத் தேதிக்குத் தோதாக டிக்கெட்டே போட்டுவிட்டான்.

இன்றைக்கு எழுத ஒன்றுதான் இருக்கிறது. லிஃப்டில் ஓர் அம்மாள் ஏறினார். எழுபது வயது இருக்கும், கையில் நாய். நாலாவது மாடியிலிருந்து தரைக்கு வருவதற்குள் என் பெயர், ஊர், எத்தனை நாள் இருப்பேன் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டார். நாய்க்குப் போன மாதம் இடுப்பில் ஆபரேஷன் நடந்த கதையைச் சொன்னார். என் கோட்டு நன்றாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு இறங்கிப் போனார். "நல்ல பழக்கமோ?" என்று கேட்டேன். "நாலு வருஷமா எதிர் வீடு மாமா. ஒருநாளும் உள்ள போனதில்லை" என்றான்.

எங்கள் தெருவில் இதற்கு நேர்மாறு. முன்பின் தெரியாதவரிடம் முகம் கொடுத்தே பேசமாட்டோம். தெரிந்துவிட்டாலோ அடுப்படிவரை வந்து குழம்பில் உப்புப் பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள், வெள்ளி – பாஸ்டன்

நடைபாதையில் சிவப்புக் கோடு ஒன்று ஓடுகிறது. பல இடங்களில் செங்கல் பதித்தது, சில இடங்களில் வெறும் பெயிண்ட். 4 கிலோமீட்டர். அதைப் பிடித்துக்கொண்டே போனால் சுதந்திரப் போர்க்கால இடங்கள் 16-ஐயும் பார்த்துவிடலாம், வழி கேட்க வேண்டியதில்லை. நான் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டேன். கிரானரி இடுகாடு என்னை விடவில்லை.

பழைய கற்பலகைகள். பலவற்றின் தலையில் இறக்கை முளைத்த மண்டையோடு செதுக்கியிருக்கிறது. சுதந்திரப் போராட்டத் தலைவர்கள் சாமுவேல் ஆடம்ஸ், ஜான் ஹான்காக், பால் ரெவியர் எல்லோரும் இங்கேதான் கிடக்கிறார்கள். 1770-ல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுச் செத்த ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே கல். எனக்குப் பெரிய பெயர்களைவிட அந்த மண்டையோடுகள்தான் சுவாரஸ்யம். இந்த ஊரை 1630-ல் நிறுவிய பியூரிட்டன்கள் சிலுவை, சிலை, படம் எதையும் சர்ச்சுக்குள் சேர்க்காதவர்கள். கிறிஸ்துமஸ் கொண்டாடினால் அபராதம் போட்டவர்கள். அவர்கள் நம்பியது எழுத்தை. வேதத்தை ஒவ்வொருவரும் தானே படிக்க வேண்டும், பாதிரியார் சொல்லிக் கேட்டால் போதாது. படிக்கத் தெரியாதவனைச் சாத்தான் சுலபமாக ஏமாற்றிவிடுவான் என்று பயந்தார்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. 1647-ல் அவர்கள் போட்ட சட்டமே சாத்தானின் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது: 50 குடும்பம் சேர்ந்த ஊர் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆளை வைக்க வேண்டும், 100 குடும்பம் ஆகிவிட்டால் இலக்கணப் பள்ளியே நடத்த வேண்டும். ஹார்வர்டு அதற்கும் முன்னால், ஊர் தொடங்கி ஆறாம் வருடமே, 1636-ல் வந்துவிட்டது. காட்டைத் திருத்தி முடிக்கவில்லை, அதற்குள் கல்லூரி!

அப்படியே போய் மாநில அரசு மாளிகையின் முன்னால் மேரி டையர் சிலையைப் பார்த்தேன். அடக்கமாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். குவேக்கர் பிரிவில் சேர்ந்ததற்காக ஊரைவிட்டுத் துரத்தினார்கள். திரும்பித் திரும்பி வந்தார். 1660-ல் தூக்கில் போட்டுவிட்டார்கள். தங்கள் வழியில் சாமி கும்பிட முடியவில்லை என்று கடல் தாண்டி வந்தவர்கள், இன்னொருத்தி அவள் வழியில் கும்பிட்டதற்காகச் செய்த காரியம் இது. தூக்கில் போட்டதும் சரி, பிறகு அரசு வாசலிலேயே சிலை வைத்ததும் சரி, இரண்டும் இதே ஊர்தான். இந்த நாட்டைப் பற்றி யாராவது ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னால் எனக்கு இனி இந்தப் பெண் ஞாபகம் வருவாள்.

ஒரு கொசுறு: யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல் பிறந்தது இந்த பாஸ்டனில், 1649-ல். குழந்தையிலேயே இங்கிலாந்து போய், பிறகு நம் சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக உட்கார்ந்து, பணத்தைக் குவித்து, ஊழல் புகாரில் பதவி போனவர். 1718-ல் அவர் அனுப்பிய துணி மூட்டைகளை விற்ற காசில்தான் அந்தக் கல்லூரி கட்டடம் எழும்பியது.

மூன்றாம் நாள், சனி – பிளிமத்

பாஸ்டனிலிருந்து தெற்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணம். அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளியில் முதலில் படிக்கும் ஊர். 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் 102 பேர் வந்து குடியேறிய இடம். அவர்கள் கால் வைத்த பாறையைத்தான் எல்லோரும் பார்க்க வருகிறார்கள். கடலோரத்தில் கோயில் மண்டபம் மாதிரித் தூண் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே கிணறுபோல ஒரு பள்ளம். எட்டிப் பார்த்தால் மணலில் ஒரு கல், நம் ஊரில் ஆட்டுக்கல்லுக்கு ஒதுக்கிப் போட்டது போல. மேலே 1620 என்று வெட்டியிருக்கிறது. நடுவில் விரிசலை சிமெண்டால் ஒட்டிய தழும்பு. பக்கத்தில் நின்ற குடும்பத்தில் ஒரு சிறுவன் "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டான். அவன் அப்பா பதில் சொல்லவில்லை.

பாறையின் கதை அதைவிட வேடிக்கை. வந்து இறங்கியவர்கள் எழுதிவைத்த எதிலும் பாறை வரவே இல்லை. 121 வருடம் கழித்து, 1741-ல், 94 வயதுக் கிழவர் ஒருவர் "இதுதான் அந்தப் பாறை" என்று கைகாட்டினார். 1774-ல் அதை ஊர் நடுவே கொண்டுபோக இழுத்தபோது இரண்டாகப் பிளந்தது. பிறகு நினைவுப் பொருள் என்று ஆளாளுக்குக் கொத்திக்கொண்டு போனார்கள். மிச்சம்தான் இது. தல புராணம் எப்படி உருவாகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், இல்லையா?

ஆனால் கப்பலில் நடந்த இன்னொரு விஷயத்துக்கு மூலப் பிரதிகூடத் தப்பவில்லை, நகல்தான் இருக்கிறது. அதைத்தான் நான் இந்த ஊரின் அஸ்திவாரக் கல் என்பேன்.

கப்பலில் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் மதக் காரணத்துக்காக வந்தவர்கள். மற்றவர்கள் பிழைக்க வந்தவர்கள், வேலையாட்கள். முன்னவர்கள் பின்னவர்களை 'அந்நியர்கள்' என்றே அழைத்தார்கள். குடியேற அனுமதி வாங்கியிருந்தது வர்ஜீனியாவின் வட கோடியில். கப்பல் வந்து சேர்ந்ததோ அதற்கும் வடக்கே, கேப் காடில். உடனே 'அந்நியர்கள்' முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்: அனுமதிச் சீட்டு இந்த மண்ணுக்குச் செல்லாது, இறங்கியதும் எங்களை யாரும் அதிகாரம் செய்ய முடியாது! சண்டை முற்றுவதற்குள் ஒரு தாளில் எழுதினார்கள். நாமெல்லாம் சேர்ந்து ஓர் அமைப்பாகிறோம், நமக்கான சட்டங்களை நாமே போட்டுக்கொள்கிறோம், அதற்குக் கட்டுப்படுகிறோம். 41 ஆண்கள் கையெழுத்துப் போட்டார்கள். கரையில் குடிசைகூடப் போடவில்லை, அதற்குள் ஊர் உண்டாகிவிட்டது.

இதில் நான் ரொம்ப நேரம் நின்றேன். எனக்குத் தெரிந்த ஊர் எதுவும் இப்படி உண்டானதில்லை. நான் பிறந்ததால் என் ஊர் என் ஊர். குலசாமி அங்கே இருக்கிறது, பங்காளி இருக்கிறான், சண்டை போட்டாலும் விலக முடியாது. இங்கே ஒருவரை ஒருவர் நம்பாத ஆட்கள், நம்பாததாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு ஊர்க்காரர்கள் ஆகியிருக்கிறார்கள். லிஃப்டில் பேசிய அம்மாளையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். அந்நியரோடு பேசிப் பழகுவது இங்கே நாகரிகம் மட்டும் இல்லை, அந்நியர்களை வைத்துத்தான் ஊரே கட்டியிருக்கிறார்கள்.

சரி, கையெழுத்துப் போடாதவர்கள்? கப்பலில் இருந்த பெண்கள் போடவில்லை. அப்புறம், கரையில் இருந்தவர்கள். மண்டபத்துக்கு எதிரே கோல்ஸ் ஹில் என்ற சின்ன மேடு. முதல் குளிர்காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் செத்தார்கள், அவர்களைப் புதைத்த இடம் இது. அதன் மேல் நிற்பது வாம்பனோவாக் என்ற பூர்வகுடிகளின் தலைவர் மசசோய்ட்டின் சிலை. பிளிமத் என்ற ஊரே பட்டக்செட் என்ற அவர்களுடைய கிராமம் இருந்த இடம். 1616 முதல் 1619 வரை ஐரோப்பியர் கொண்டுவந்த கொள்ளை நோயில் அந்தக் கிராமம் முழுசாக அழிந்துவிட்டது. திஸ்குவாண்டம் என்ற அந்த ஊர்க்காரனை 1614-ல் ஓர் ஆங்கிலேயக் கப்பல்காரன் பிடித்துப் போய் ஸ்பெயினில் விற்றான். அவன் எப்படியோ தப்பி 1619-ல் ஊர் திரும்பினால், வரவேற்க ஒரு ஆள் இல்லை. வந்தவர்களுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்தவன் அவன்தான், இறந்துபோன தன் சனங்களின் வயலில்.

மசசோய்ட் 1621-ல் இவர்களோடு உடன்படிக்கை செய்தார். அவர் இருந்தவரை அது நின்றது. மகன் மெட்டகாம் காலத்தில், 1675-ல், போர் மூண்டது. மறு வருடம் அவனைக் கொன்று தலையைக் கழியில் செருகி இதே ஊரில் வைத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் அது அங்கேயே இருந்தது. பிளிமத்காரர்களின் அறுவடை விருந்தை நினைத்து நாடே கொண்டாடும் நன்றி நாள் தேங்க்ஸ்கிவிங். 1970 முதல் ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங் நாளிலும், எல்லோரும் வான்கோழி அறுக்கும் நேரத்தில், பூர்வகுடிகள் இந்த மேட்டில் கூடித் துக்கம் அனுசரிக்கிறார்கள். அதற்கும் இங்கேயே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள்.

கார் திரும்பும்போது மருமகன் ஒரு குறுக்குக் கேள்வி போட்டான். "வர்ஜீனியால ஜேம்ஸ்டவுன் 1607-லயே வந்தாச்சே மாமா. அதுதானே முதல் ஊர்?" உண்மைதான். ஜேம்ஸ்டவுன் லாபத்துக்கு வந்த கம்பெனி ஊர். புகையிலை பயிரிட்டது, 1619-ல் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அமெரிக்காவின் குணத்தில் பாதி அங்கிருந்தும் வந்ததுதான், வால் ஸ்ட்ரீட்டைப் பார்த்தாலே தெரியும். ஆனால் உள்நாட்டுப் போரின் நடுவே 1863-ல் லிங்கன் தேங்க்ஸ்கிவிங்கைத் தேசிய நாளாக்கினார். வர்ஜீனியா இருந்த தெற்கு தோற்று வடக்கு ஜெயித்த பிறகு பாடப் புத்தகத்திலும் பிளிமத் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. யார் தாத்தா என்பதைப் பேரன்தான் முடிவு செய்கிறான்.

நான்காம் நாள், ஞாயிறு – காங்கார்டு

வால்டன் குளம். கரையோரம் உருகி, நடுவில் மட்டும் பனிக்கட்டி மிச்சம். எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4-ம் தேதி இங்கே வந்து இரண்டு வருடம், இரண்டு மாதம், இரண்டு நாள் இருந்தார். தனியாக, சுயமாக, யார் தயவும் இல்லாமல் வாழும் அமெரிக்க மனிதனுக்கு இவர்தான் சாமி. வண்டி நிறுத்துமிடம் பக்கத்தில் அவர் குடிசையின் மாதிரி இருக்கிறது. 10 அடிக்கு 15 அடி. ஒரு கட்டில், ஒரு மேசை, மூன்று நாற்காலி. கட்ட ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆணி, சுண்ணாம்பு, தாழ்ப்பாள் வரை கணக்கெழுதியிருக்கிறார். துறவிக்கு எதற்குக் கணக்கு என்று நாம் கேட்போம். பியூரிட்டன் பேரனுக்குக் கணக்கெழுதினால்தான் தவம் முழுமையாகும் போல.

அடர்ந்த காடு என்று நினைத்து வந்தேன். ஊரிலிருந்து நடக்கிற தூரம். நிலம் நண்பர் எமர்சனுடையது. அம்மா வீட்டுக்கு அடிக்கடி போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறார். குளத்தை ஒட்டி ரயில் பாதை அப்போதே இருந்தது, நாங்கள் நின்றபோதும் ஒரு ரயில் ஊதிக்கொண்டு போனது. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. ஊருக்கு எட்டுகிற தூரத்தில் ஊரை மறுப்பதுதான் கஷ்டம்.

அவர் மறுத்த விதம் எனக்கு நேற்றைய கப்பலை ஞாபகப்படுத்தியது. சர்ச்சுக்கு வரி கட்டு என்றபோது, நான் சேராத எந்தச் சங்கத்திலும் என்னை உறுப்பினராகக் கருதக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி டவுன் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டார். கிளார்க் அதை வாங்கி வைத்துக்கொண்டார், பிறகு யாரும் கேட்கவில்லை. சேர்வதற்குக் கையெழுத்து என்றால் விலகுவதற்கும் கையெழுத்து! எங்கள் ஊரில் தலைக்கட்டு வரி கொடுக்கமாட்டேன் என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். தலை வரியைக் கட்டாததற்காக 1846-ல் ஒரு ராத்திரி சிறையில் இருந்தார். யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாள் வெளியே தள்ளினார்கள். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 60 வருடத்துக்குப் பின் தென்னாப்பிரிக்காவில் காந்தி கைக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும்.

எல்லோருக்கும் தெரியாத கதை, பனிக்கட்டி. 1846-47 குளிர்காலத்தில் நூறு ஆட்கள் வந்து இந்தக் குளத்தின் மேல்தோலை ரம்பத்தால் அறுத்துப் பாளம் பாளமாக அடுக்கினார்கள். பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடர் அந்தக் காலத்தில் இங்கிருக்கும் ஏரிகளின் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, கல்கத்தா, பம்பாய், சென்னைவரை விற்றுக்கொண்டிருந்தார். மெட்ராஸ்காரர்கள் என் கிணற்றில் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று தோரோவே எழுதினார். அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கடற்கரையில் கட்டியதுதான் திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897-ல் ஒன்பது நாள் தங்கியதும் அந்தக் கட்டடத்தில்தான். பஸ்ஸில் "ஐஸ் ஹவுஸ் ஒண்ணு" என்று எத்தனையோ தடவை டிக்கெட் வாங்கியிருக்கிறேன். தண்ணீரில் விரல் வைத்துப் பார்த்தேன். மருமகன் திட்டினான்.

ஐந்தாம் நாள், திங்கள் – வெர்மாண்ட்

மூன்றரை மணி நேரம் வடக்கே. மலை, பனி, மரத்தில் தொங்கும் வாளிகள். மேப்பிள் மரத்தில் துளை போட்டு இந்த மாதத்தில் பால் இறக்குகிறார்கள். நம் பதநீர்தான், காய்ச்சினால் பாகு. 40 காலன் காய்ச்சினால் 1 காலன் தேறும் என்றார் ஒருவர். கொட்டகைக்குள் நுழைந்ததும் வந்த வாசனை, திருச்செந்தூர் போகும் வழியில் கருப்பட்டி காய்ச்சும் இடத்துக்கே கொண்டுபோய்விட்டது.

வழியில் வில்லிஸ்டன் என்ற ஊரில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மருமகனுக்குக் காரணம் தெரியாது. மைரன் வின்சுலோ 1789-ல் பிறந்த ஊர் இது. தமிழ்-ஆங்கில அகராதி போட்டாரே, அவர்தான். 1819-ல் பாஸ்டனில் கப்பலேறி யாழ்ப்பாணம் போய், உடுவிலில் இருந்து, பிறகு சென்னைக்கு வந்து, 1862-ல் 67,000 சொற்களுக்கு மேல் கொண்ட அகராதியை அச்சிட்டார். அவருக்கு முன்னால் பலர் திரட்டியதும் தமிழ்ப் புலவர்கள் உழைத்ததும் அதில் உண்டு. மனைவி ஹேரியட் 1824-ல் உடுவிலில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். 50 குடும்பம் இருந்தால் வாத்தியார் வேண்டும் என்ற அந்தச் சாத்தான் சட்டம் கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு வந்தது இப்படித்தான். அவர்கள் வந்தது மதம் மாற்ற. சனங்கள் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தையும் அச்சையும். அந்த அச்சையும் பிரசங்கத்தையும் கையிலெடுத்துத்தான் ஆறுமுக நாவலர் அவர்களுக்கே பதில் கொடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து 1834-ல் மதுரைக்கு வந்த கிளையில் முளைத்ததுதான் நான் பி.ஏ. படித்த அமெரிக்கன் கல்லூரி.

வின்சுலோவின் மகள்வழிக் கொள்ளுப்பேரன்கள் யார் தெரியுமா? ஜான் பாஸ்டர் டல்லஸ், ஆலன் டல்லஸ். 1950-களில் அண்ணன் வெளியுறவு அமைச்சர், தம்பி சி.ஐ.ஏ. தலைவர். உலகத்தைத் திருத்துவது எங்கள் கடமை என்ற அந்தக் குடும்பப் பழக்கம் அகராதியாகவும் வந்தது, ஆட்சிக் கவிழ்ப்பாகவும் போனது.

ஊரில் ஒரு பெரிய மால், ஒரு வெள்ளைச் சர்ச். வின்சுலோ பெயரை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

ஆறாம் நாள், செவ்வாய் – டவுன் மீட்டிங்

ஊர்ப் பெயர் வேண்டாம். மருமகனின் நண்பன் குடியிருக்கும் சின்ன ஊர். பள்ளிக்கூட ஜிம்மில் கூட்டம், தலைக்கு மேல் கூடைப்பந்து வளையம். காலை 9 மணி என்றால் 9 மணிதான்.

வாசலில் டவுன் கிளார்க் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு பெயரை டிக் செய்கிறார். வாக்குரிமை இல்லாதவர்களுக்கு ஓரமாகத் தனி பெஞ்ச். அங்கே போய் உட்கார்ந்தேன். கையில் ஊரின் ஆண்டறிக்கை கொடுத்தார்கள். வரவு செலவு, சாலைக்குப் போட்ட சரளை, போன வருடப் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் சொத்து வரி பாக்கி வைத்தவர்கள் பெயர்ப் பட்டியல்! எங்கள் ஒன்றியத்தில் இதை அச்சடித்திருந்தால் அலுவலகம் மிஞ்சியிருக்காது.

முதல் வேலையாகக் கூட்டத்தை நடத்தும் மாடரேட்டரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹென்றி ராபர்ட் என்ற ராணுவ எஞ்சினியர் 1876-ல் எழுதிய கூட்ட விதிமுறைப் புத்தகம் அவர் மேசையில் இருந்தது. யார் பேசினாலும் அவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், எதிராளியைப் பார்த்து அல்ல. இரண்டு பேர் மறந்து நேருக்கு நேர் திரும்பினார்கள். "என்னிடம் சொல்லுங்கள்" என்றார் இரண்டு தடவையும், குரல் உயர்த்தாமல். சண்டையில் பாதி அதிலேயே அடங்கிவிடுகிறது. மூன்றாவது வரிசையில் நாலைந்து பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே ஓட்டுப் போட்டார்கள்.

பனி தள்ளும் லாரி வாங்கத் தீர்மானம். பத்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு வந்தது ஒரு மண் ரோட்டுக்குத் தார் போடுவது. இதில் எனக்கு ஒரு அதிர்ச்சி. 31 வருடத்தில் தார் ரோடு கேட்டுத்தான் மனு வாங்கியிருக்கிறேன். இங்கே வேண்டாம் என்று வரிசையாக எழுந்து நிற்கிறார்கள். தார் போட்டால் வெளியூர்க்காரன் வேகமாக ஓட்டுவான், பராமரிப்புச் செலவு கூடும், வரி ஏறும், ஊர் அழகு போகும். இந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் மண் ரோடுதான் என்று நண்பன் காதில் சொன்னான். ஒரு நர்ஸ், இளம் பெண், கையில் குழந்தையோடு எழுந்து, பனி உருகும் ஏப்ரலில் சேற்றில் அச்சுவரை கார் புதைந்து டியூட்டிக்குப் போக முடியவில்லை என்றார். மாட்டுப் பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், போன வருடம் உன் காரை என் டிராக்டர்தான் இழுத்தது, இந்த வருடமும் இழுக்கும் என்றார், மாடரேட்டரைப் பார்த்தபடி. எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து ஊர் ரோடு கான்ட்ராக்டர் செலவு விவரம் சொல்ல எழுந்தார். அவர் இந்த ஊர் வாக்காளர் இல்லை. பேச விடலாமா என்று அதற்கே ஒரு ஓட்டெடுப்பு. விடலாம் என்றார்கள், பேசினார்.

ஒரு மணி நேரம் போனது. வேண்டும் என்பதற்கு "ஐ" என்று சொன்னவர்களும் வேண்டாம் என்பதற்கு "நே" என்று சொன்னவர்களும் சத்தத்தில் சமமாக இருந்ததால் எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். 54 பேர் வேண்டும், 61 பேர் வேண்டாம். ரோடு மண்ணாகவே இருக்கும்.

எனக்குப் பிடிபட்டது எப்போது தெரியுமா? மேடையைத் தேடியபோது. மேடை இல்லை. ஊர் நிர்வாகக் குழுவான செலக்ட்போர்டின் உறுப்பினர்கள் ஒரு மடக்கு மேசைக்குப் பின்னால், சனங்களுக்கு நேர்மட்டத்தில், பரீட்சை எழுத வந்த பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மனுவை யாரும் கொண்டுவரவில்லை. மனு கொடுக்க அங்கே ஆள் இல்லை. எங்கள் கூட்டத்தில் அதிகாரி மேடையில் இருப்பார், கீழேயிருந்து மனு வரும், "பரிசீலிக்கப்படும்" என்போம். கூட்டத்துக்கு வராதவர்களிடம் மறுநாள் வீடு வீடாகப் போய்த் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிய நாட்களும் உண்டு. நானே வாங்கியிருக்கிறேன். உத்திரமேரூர் கல்வெட்டைக் காட்டி நாம் மார்தட்டுவதும் உண்டு. அந்தக் குடவோலையில் பெயர் எழுத நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் கேட்டார்கள் என்பதை அந்த நேரத்தில் மறந்துவிடுவோம்.

என் பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண் கனடாவில் பிறந்தவர். 18 வருடமாக இந்த ஊரில் இருக்கிறார், குடியுரிமை வாங்கவில்லை. "சொத்து வரி கட்டுகிறேன், மதியத்துக்கு சூப் நான்தான் வைத்திருக்கிறேன், கை தூக்க மட்டும் முடியாது" என்றார். அந்த நர்ஸ் தோற்றபோது இவர் முகம் வாடியதைப் பார்த்தேன். இவர் வீடும் அதே ரோட்டில்தான்.

மதியம் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து வைத்த சாப்பாடு. பண்ணைக்காரரும் நர்ஸும் ஒரே மேசையில். நர்ஸிடம் ஆறுதலாக ஏதோ சொன்னேன். "டிராக்டர் வைத்திருப்பவருக்கு ரோடு எதற்கு?" என்றார், அவர் காதில் விழும்படியே. அடுத்த வருடம் மறுபடி கொண்டுவருவாராம். கிளார்க் அம்மாளுக்கு வேறு கவலை. சுமார் 900 வாக்காளர்களில் வந்தது 115 பேர். பல ஊர்களில் கூட்டத்தை விட்டுவிட்டு நாள் முழுக்க வாக்குச்சீட்டு போடும் முறைக்கு மாறிவிட்டார்களாம். அதற்கு இங்கே ஆஸ்திரேலிய ஓட்டு என்று பெயர். "வேலையை விட்டு யார் வருவார்கள்?" என்றார். நம்ம ஊர்ப் பேச்சுதான்.

ஏழாம் நாள், புதன் – திரும்பும் வழி

நண்பனின் ஊரைத் தாண்டியதும் சாலையோரத்தில் ஒரு மரப் பெட்டிக் கடை. ஆள் இல்லை. முட்டை அட்டை நாலு, மேப்பிள் பாகு பாட்டில் ஆறு, விலை எழுதிய அட்டை, பூட்டிய தகரப் பெட்டி. காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியது. சுற்று வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு மாடுதான் இருந்தது.

பாகு 12 டாலர். என்னிடம் 10 டாலர் நோட்டு ஒன்று. மருமகன் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கார்டுதான் மாமா இருக்கு" என்றான். இவன் தலைமுறையில் யாரிடமும் காசு இருப்பதில்லை.

வைத்துவிடலாம் என்று பார்த்தால், பெட்டிக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கும் ஒரு பள்ளிக்கூட நோட்டு. திறந்தேன். '3 டாலர் குறைவு, வெள்ளிக்கிழமை தருகிறேன்.' கீழே பெயர். அதன் மேல் ஒரு கோடு. '1 டஜன் முட்டை, காசு மறந்துவிட்டேன்.' பெயர், கோடு. இப்படிப் பக்கம் பக்கமாக. கோடு போடாத வரிகளும் நாலைந்து இருந்தன, இரண்டு போன வருடத்தது.

பேனா குளிரில் உறைந்திருந்தது. வாயருகே வைத்து ஊதி ஊதிச் சூடாக்கினேன். '2 டாலர் பாக்கி' என்று ஆங்கிலத்தில் எழுதி, பழக்கத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அலுவலகக் கையெழுத்து, கீழே தேதியோடு.

"யாருக்கு மாமா புரியும்?" என்றான் மருமகன். நண்பனுக்கு போன் செய்து இரண்டு டாலர் போட்டுவிடச் சொன்னான்.

சனிக்கிழமை காலை நண்பன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். நோட்டின் அந்தப் பக்கம். என் கையெழுத்தின் மேல் ஒரு கோடு.